பல்லு வருதா, வேற ஏதாவதா? பாப்பாவின் ஈறு வலிக்கு வீட்டுக் கவனிப்பு

ஐந்தாறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால், பாட்டியின் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “பல்லு வருதுடி, அதான் நைநைன்னு இருக்கான்.” பாட்டி சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கும், சட்டை நனைய ஜொள்ளு விடும், காதைப் பிடித்து இழுக்கும். ஆனால் மூன்று நாள் காய்ச்சலையும் பத்து தடவை பேதியையும் அதே பல்லின் கணக்கில் எழுதிவிடுகிற வீடுகளும் உண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பல் பொதுவாக ஆறாம் மாதத்தை ஒட்டி எட்டிப் பார்க்கும். சில குழந்தைகளுக்கு நாலு மாதத்திலேயே வரும், சிலருக்கு முதல் பிறந்தநாள் தாண்டும். கீழ் ஈற்றின் நடுவில் இரண்டு, அப்புறம் மேலே நடுவில் இரண்டு என்பது வழக்கமான வரிசை. மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு பயம் இன்னும் இருக்கிறது. வரிசை மாறி வருவது சகஜம். மாமாவுக்கு அதனால் வரக்கூடியது பரிகாரச் செலவு மட்டும்தான். ஒன்றரை வயது ஆகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்டலாம்.

வலி எத்தனை நாள்?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளைத் தினமும் கவனித்துக் குறிப்பெடுத்து, 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல் வெளியே வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்த பிறகு மூன்று நாள் வரை, ஆக மொத்தம் எட்டு நாள்தான் தொல்லை. கடிப்பது, ஜொள்ளு, ஈற்றைத் தேய்ப்பது, சிணுங்கல், தூக்கம் கலைவது, திட உணவில் விருப்பம் குறைவது, உடம்பு லேசாகச் சுடுவது ஆகியவை அந்த நாட்களில் கொஞ்சம் கூடின. கடுமையான காய்ச்சல் கூடவில்லை. அதனால், “ஒரு மாசமா பல்லு வருது, சாப்பிடவே மாட்டேங்கிறா” என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

மூன்று மாதத்திலேயே ஜொள்ளு ஒழுகினால் பல் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வயதில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், அதை விழுங்கத்தான் குழந்தைக்கு இன்னும் பழகியிருக்காது.

முதல் மருந்து விரல்தான்

ஈற்று வலிக்கு இதைவிட எளிய வைத்தியம் கிடையாது. நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலின் சதைப் பகுதியால் வீங்கிய இடத்தை ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். உள்ளிருந்து பல் தள்ளும்போது வெளியிலிருந்து ஓர் அழுத்தம் கிடைத்தால் குழந்தைக்கு இதமாக இருக்கும். அது விரலைக் கடிக்கத்தான் செய்யும், கடிக்கட்டும்.

அடுத்தது குளிர்ந்த துணி. பழைய வேட்டித் துணி போல மெத்தென்று இருப்பதில் ஒரு கைக்குட்டை அளவு வெட்டி, நன்றாகத் துவைத்து, கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்தால் போதும். ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக் குழந்தையைக் கடிக்க விட்டு, மறுமுனையைப் பெரியவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீசர் வேண்டாம். உறைந்த துணியும் ஐஸ் கட்டியும் உதட்டில் ஒட்டி, மெல்லிய ஈற்றைப் புண்ணாக்கிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் துணியை வைத்து மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைக்கலாம். குழந்தைக்கு அந்தக் குளிர்ச்சி தாராளம். சின்ன ஸ்பூனைக் குளிரவைத்து அதன் பின்புறத்தால் ஈற்றை ஒற்றுவதும் கைகொடுக்கும்.

கடையில் வாங்கும் டீத்தர் ஒரே துண்டாகச் செய்த சிலிக்கான் அல்லது ரப்பராக இருக்கட்டும். உள்ளே நீர் நிரப்பியது என்றைக்காவது ஓட்டையாகிக் கசியலாம். தரையில் விழும் ஒவ்வொரு தடவையும் கழுவியே கொடுக்க வேண்டும். இது சலிப்பான வேலைதான். அந்தக் காலத்தில் மரப்பாச்சி பொம்மையைக் கொடுத்தார்கள். இப்போது கிடைப்பவற்றில் வார்னிஷ், பெயின்ட் பூசியவை இருப்பதால் அவற்றைக் கொலுவோடு நிறுத்திக்கொள்ளலாம். டீத்தரையோ நிப்பிளையோ கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுவது கூடவே கூடாது. தூக்கத்தில் கயிறு இறுகும். மணி மாலையும் அப்படியே. ‘பல் வலி போக்கும்’ என்று விற்ற அம்பர் மணி மாலை இறுகி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்தது. நம் ஊர் வசம்பு வளையலையும் குழந்தை கடித்துக்கொண்டேதான் இருக்கும். நூல் அறுந்தால் துண்டு நேராகத் தொண்டைக்குப் போகும்.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியிருந்தால், குளிர்ந்த ஆப்பிள் மசியல், பிசைந்த வாழைப்பழம், குழைந்த தயிர்சாதம் எல்லாம் வலிக்கிற வாய்க்குச் சுகமாக இருக்கும். கடிக்கட்டுமே என்று பச்சை கேரட், தேங்காய்ச் சில்லு, முறுக்கு கொடுப்பதுதான் தவறு. பல் இல்லாத ஈறுகூட ஒரு துண்டை உடைத்துவிடும், ஆனால் அதை மென்று அரைக்க முடியாது.

ஜொள்ளு பட்டுத் தாடையும் கழுத்தும் சிவந்துபோனால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மெல்லிசாக பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். பவுடர் வேண்டாம். பால் குடிக்கும்போது கடித்தால் சட்டென்று இழுக்கக் கூடாது, காயம் பெரிதாகும். சுண்டு விரலைக் குழந்தையின் கடைவாய் ஓரமாக நுழைத்தால் பிடி விடும். அதற்கு முன்பே துணியைக் கடிக்கவிட்டுப் பிறகு பாலுக்கு எடுத்தால், கடி பெரும்பாலும் குறையும். தாய்ப்பாலை நிறுத்த இது காரணமே இல்லை.

சில குழந்தைகளுக்கு முளைக்கும் இடத்தில் நீலநிறக் கொப்புளம் மாதிரி ஒன்று வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும், பல் வெளியே வந்ததும் தானாக உடைந்து மறையும். ஊசியால் குத்தவே கூடாது.

தடவக் கூடாதவை

மெடிக்கல் ஷாப்பில் “ஈறு வலி, குழந்தைக்கு” என்று கேட்டாலே ஒரு ஜெல் டியூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும் முன் அட்டையைப் படிக்க வேண்டும். பென்சோகெய்ன் இருந்தால் வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடலாம் என்பதால், இரண்டு வயதுக்குள் கூடாது என்று அமெரிக்கா 2018-இல் சொல்லிவிட்டது. லிக்னோகெய்ன் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனாலும் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு பாதிக்கலாம். கோலின் சாலிசிலேட் ஜெல்லை 16 வயதுக்குக் கீழ் தர வேண்டாம் என்று பிரிட்டன் 2009-இலேயே அறிவித்தது. இத்தனைக்கும் இந்த ஜெல்கள் ஜொள்ளோடு ஐந்து பத்து நிமிடத்தில் ஓடிவிடும். இனிப்பு மாத்திரையாக வரும் ‘பல் மாத்திரை’யும் அவ்வளவு அப்பாவி இல்லை. அமெரிக்காவில் விற்ற சில ஹோமியோபதிப் பல் மாத்திரைகளைச் சோதித்தபோது, நச்சுச் செடியான பெல்லடோனாவின் சத்து அட்டையில் போட்டதைவிட அதிகமாக இருந்தது 2017-இல் தெரிந்தது.

வீட்டு அலமாரியில் இருப்பதும் எல்லாம் பத்திரம் அல்ல. ஒரு வயது வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, சிசுவின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நச்சைச் சுரக்கும். கிராம்பு எண்ணெய் ஈற்றைச் சுட்டுவிடும். பிராந்தியை விரலில் தொட்டுத் தடவுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜாதிக்காயை உரசிக் கொடுத்ததும் குழந்தை தூங்கிப்போனால், வலி போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, அது மயக்கமாக இருக்கலாம். வசம்பை ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே நம்மவர்கள் அழைக்கிறார்கள். அதில் உள்ள அசரோன் என்ற பொருள் காரணமாக, உணவில் அதைச் சேர்க்க அமெரிக்கா 1968-இலேயே தடை போட்டது.

இதையெல்லாம் மாமியாரிடம் சொல்ல மருமகளுக்குத் தயக்கமாக இருக்கும். “என் நாலு பிள்ளையும் இப்படித்தான் வளர்ந்துச்சு” என்ற பதிலும் தயாராக இருக்கும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப் போய், டாக்டர் வாயாலேயே கேட்கவைப்பது நல்ல வழி. வீட்டில் சண்டையும் மிச்சம்.

காய்ச்சலும் பேதியும் பல்லால் வராது

ஆறாம் மாதத்தை ஒட்டித்தான் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பு சக்தி குறைகிறது. அதே நேரத்தில் புது உணவு தொடங்குகிறது. குழந்தை தவழ்ந்து, தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் போடுகிறது. கிருமி உள்ளே போகிற வயதும் பல் முளைக்கிற வயதும் ஒன்றாக இருப்பதால் பழி பல்லின் மேல் விழுகிறது.

உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் அது காய்ச்சல்தான், டாக்டர் பார்க்க வேண்டும். தண்ணீராகப் பேதி போனால் “பல்லு வந்தா நின்னுடும்” என்று காத்திருக்கக் கூடாது. தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்து, ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் கிடைக்கும். ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது. இதில் எது ஒன்று இருந்தாலும் பொழுது விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐ அழைப்பதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

வலி தாங்காமல் குழந்தை அலறினால் பாராசிட்டமால் கொடுக்கலாமா? டாக்டர் எடை பார்த்துச் சொன்ன அளவில் ஒன்றிரண்டு வேளை கொடுக்கலாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. இதில் அடிக்கடி நடக்கும் குளறுபடி ஒன்று உண்டு. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 இருக்கும். அதாவது சொட்டு மருந்து நாலு மடங்கு காட்டம். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிவிட்டால் ஈரல் பாதிக்கும். அதனால் எந்த பாட்டில், எத்தனை மில்லி என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரினைக் குழந்தைக்கு நினைத்தும் பார்க்கக் கூடாது.

முதல் பல்லின் வெள்ளை முனை தெரிந்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டைப் பல்போலச் செருகிய கொழுக்கட்டைகள் குழந்தையின் தலையில் கொட்டப்படும். கொழுக்கட்டை எந்த ஊரில் அவிந்தாலும் அன்றைக்கே ஒரு குட்டி பிரஷ்ஷும் வாங்கிவிடலாம். அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், காலையில் ஒரு தடவை, ராத்திரி தூங்கும் முன் ஒரு தடவை. பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடும் பழக்கத்தையும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். முதல் பிறந்தநாளுக்குள் பல் டாக்டரிடம் ஒரு தடவை வாயைக் காட்டிவிட்டு வரலாம்.