காருக்குப் பேர் வச்சீங்க சரி... கேட்டுட்டு வச்சீங்களா?

ஒரு கார் கம்பெனி தன் மாடலின் பெயரை எப்போது மாற்றும்? மூன்று கதைகளைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

விற்பனை பயம்: 2016-இல் டாடா தன் புது ஹேட்ச்பேக்குக்கு 'ஸிகா' என்று பெயர் வைத்திருந்தது. 'ஸிப்பி கார்' என்பதன் சுருக்கம். ஆனால் அந்த பிப்ரவரியில் ஸிகா வைரஸுக்காக உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. அதே மாதம் கார் 'டியாகோ' ஆகிவிட்டது.

வழக்கு பயம்: 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் 'பிஇ 6இ' எலெக்ட்ரிக் காரை அறிமுகம் செய்தது. '6இ' எங்கள் விமானக் குறியீடு என்று இண்டிகோ டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை எதிர்கொள்வோம் என்று மஹிந்திரா சொன்னாலும், அறிமுகமாகி இரண்டு வாரத்துக்குள் கார் வெறும் 'பிஇ 6' ஆனது.

மானப் பிரச்னை: மிட்சுபிஷி 'பஜேரோ'வின் பெயர், தென் அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. ஸ்பானிஷ் பேச்சுவழக்கில் அது வெளியில் சொல்ல முடியாத வார்த்தை. அதனால் ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் 'மோன்டெரோ' என்று விற்றார்கள்.

ஆக, மனசு வைத்தால் மாற்ற முடியும். அப்படியென்றால் நான்காவது கதை மட்டும் ஏன் வேறு மாதிரி போகிறது?

செரோக்கி என்பது அமெரிக்கப் பூர்வகுடி இனம். 1838-39-இல் அமெரிக்க அரசு ராணுவத்தை வைத்து அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியது. இன்றைய ஓக்லஹோமா வரையிலான அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு அதைச் சொல்கிறது.

அந்த மக்களின் பெயரைத்தான் 1970-களில் ஜீப் தன் வண்டிக்கு வைத்தது. 2021-இல் செரோக்கி நேஷனின் தலைவர் சக் ஹாஸ்கின் ஜூனியர் வெளிப்படையாகவே கேட்டார்: காரில் எங்கள் பெயரை ஒட்டுவது எங்களுக்குக் கௌரவம் இல்லை, விட்டுவிடுங்கள் என்று. 2025-இல் அதே பெயரில் புது செரோக்கி வந்தது.

இது ஜீப்போடு முடியவில்லை. நிசானின் 'கஷ்காய்' ஈரானில் வாழும் ஓர் இனக்குழு. ஃபோக்ஸ்வாகனின் 'டுவாரெக்' சஹாரா பாலைவன மக்கள். நம்ம ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் 'அப்பாச்சி'யும் ஓர் அமெரிக்கப் பூர்வகுடி இனத்தின் பெயர்தான். அதை ஓட்டும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதற்காக எல்லாப் பெயரையும் தப்பு சொல்ல வேண்டியதில்லை. 'தார்' ஒரு பாலைவனம். 'டூசான்' ஓர் அமெரிக்க நகரம். 'கொரோலா' என்றால் பூவின் அல்லிவட்டம். பாலைவனமோ பூவோ வருத்தப்படப் போவதில்லை. மக்கள் அப்படி இல்லை.

ஐம்பது வருஷ பிராண்டை மாற்றுவது பெரிய செலவு என்பார்கள். உண்மைதான். ஆனால் இனிமேல் வைக்கப்போகும் பெயருக்கு அந்தச் சாக்கு செல்லாது. டிரேட்மார்க் இருக்கிறதா என்று வக்கீல்களை வைத்துத் தேடுகிறார்கள் இல்லையா? அப்போதே அந்தப் பெயருக்குச் சொந்தமான மக்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். அவர்கள் வேண்டாம் என்றால், வேறு பெயர் தேட வேண்டியதுதான்.