இரண்டு பாஷை, ஒரு பிள்ளை

‘அவனுக்கு இரண்டு நாக்கு’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், தமிழில் அது புகழ்ச்சி அல்ல. ஆயினும் மெய்யாகவே இரண்டு பாஷை பேசும் நாக்கு பெரும் பாக்கியம் என்பதே நமது கட்சி.

சென்ற வாரம் ஒரு தகப்பனார் தம்முடைய ஐந்து வயதுப் புதல்வனை நம்மிடம் அழைத்து வந்தார். "ஸார், வீட்டில் தமிழை அடியோடு நிறுத்திவிட்டோம். இரண்டும் சேர்ந்தால் குழந்தையின் மூளை குழம்பிவிடுமாமே!" என்றார். கூட வந்திருந்த பாட்டியம்மாள் பேரனைப் பார்த்து, "தண்ணீர் குடிக்கிறாயா, கண்ணா?" என்று கேட்டார். பிள்ளை இங்கிலீஷில் ஏதோ பதில் சொன்னான். பாட்டியம்மாள் நம் முகத்தைப் பார்த்தார்.

மூளை குழம்பும் என்ற இந்தப் பயம் மிகப் பழைய சரக்கு. 1923-ம் வருஷம் ஸேர் என்பவர் வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளைப் பரீட்சித்தார். கிராமங்களில் வேல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசும் பிள்ளைகள் புத்தியில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடமோ அந்தக் குறை காணப்படவில்லை! அப்படியானால் குறை பாஷையினாலா வந்தது? 1962-ல் பீல், லாம்பர்ட் என்ற இருவர் கனடாவின் மான்ட்ரியால் நகரில், ஒத்த அந்தஸ்துள்ள குடும்பங்களின் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்த பிள்ளைகளே முந்தி நின்றார்கள்.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஹைதராபாத்தில் வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் உருதுவுமாகப் பேசிப் பழகியவர் பலர். அந்நகரில் மறதி நோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரே பாஷை அறிந்தவர்களைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட பாஷை பேசுவோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தியே வந்திருந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தென்பட்டது. ஒரு பாஷையை அடக்கி மற்றொன்றை எடுக்கும் ஓயாத பயிற்சியே மூளைக்குப் பலம் தருகிறது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் யூகம்.

பின்னால் வந்த சோதனைகள் யாவும் இப்படியே சொல்லவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரு பாஷைக்காரருக்குப் புத்திக் கூர்மை மிகுமா என்பதில் வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இரண்டு பாஷை பழகுவதால் குழந்தையின் மூளை குழம்பாது என்பதில் இன்று ஐயமில்லை. குழந்தை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்தால், அது கையில் அகப்பட்ட சொல்லை எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியமே. நாளடைவில் தானே பிரித்துக்கொள்ளும்.

அந்தத் தகப்பனாரிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "பள்ளியில் இங்கிலீஷ் தாராளமாக வரட்டும். தமிழுக்குச் சம்பளம் கேட்காத உபாத்தியாயர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மாலையில் ஒரு மணி நேரம் பேரனைப் பாட்டியிடம் கதை கேட்க விடுங்கள்."

"யோசித்துச் சொல்கிறேன், ஸார்" என்றார்.

நன்றாக யோசிக்கட்டும். ஆனால் பாட்டியம்மாளுக்கு வயது 78.