மரணத்துக்குப் பின்னும் தொடரும் விசாரணை

ஹிந்தித் திரையுலகின் புகழ்பெற்ற நடிகை மீனாகுமாரி 1972 மார்ச் 31 அன்று பம்பாய் மருத்துவமனை ஒன்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது 38. சரியாக எட்டு வாரங்களுக்கு முன்பு, பிப்ரவரி 4 அன்றுதான் அவர் நடித்த 'பாகீஸா' திரைக்கு வந்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரது வாழ்க்கை வரலாறும் நூலாக அச்சேறிவிட்டது. அதை எழுதியவர் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்த 30 வயது இளைஞர். மீனாகுமாரியை அவர் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. அந்த இளைஞரின் பெயர் வினோத் மேத்தா. பிற்காலத்தில் 'அவுட்லுக்' வார இதழின் ஆசிரியராக இருந்து, தில்லி ஆட்சியாளர்களின் தூக்கத்தைப் பலமுறை கெடுத்தவர் அவரே.

நீண்டகாலம் அச்சில் இல்லாதிருந்த அந்த ஆங்கில நூல் 2013-இல் மறுபதிப்பு கண்டது. மேத்தா 2015 மார்ச்சில் மறைந்தார். நூலைப் பற்றி வாசகர்களிடையே எழுந்த வாதம் மட்டும் ஓயவில்லை. அரசியல் கட்டுரைகளுக்காக மேத்தாவைப் போற்றியவர்கள் இந்த நூலைக் கையிலெடுத்துவிட்டு முகம் சுளிப்பதும், சினிமா ரசிகர்களாக வந்தவர்கள் அதைக் கீழே வைக்க முடியாமல் தவிப்பதும் இன்றளவும் நடக்கிறது.

குறை கூறுவோரின் முதல் புகார் நூலின் நடையைப் பற்றியது. மேத்தா பக்கத்துக்குப் பக்கம் தலைகாட்டுகிறார். நடிகையை 'என் கதாநாயகி' என்று உரிமை கொண்டாடுகிறார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மறு வரியிலேயே ஊகத்தில் இறங்குகிறார். ஆய்வு நூலை எதிர்பார்த்து வந்த வாசகருக்கு இது எரிச்சலூட்டும். அடிக்குறிப்பும் ஆதாரப் பட்டியலும் எங்கே என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும், ஒரு பெண் இறந்து சில மாதங்களே ஆன நிலையில், உறவினர்களும் உடன் நடித்தவர்களும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, 'இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அதை மறுக்கிறார்' என்று வெளிப்படையாக எழுதியது நேர்மைக் குறைவல்ல. எல்லாம் தெரிந்தவர்போல் எழுதப்படும் வழவழப்பான நட்சத்திர வரலாறுகள் நம் நாட்டில் ஏராளம். அவற்றோடு ஒப்பிட்டால் மேத்தாவின் தடுமாற்றமே நம்பகமானது.

இரண்டாவது புகார்தான் முக்கியமானது. மீனாகுமாரியின் மரணத்துக்கு யார் பொறுப்பு என்பதை நூல் அறுதியிட்டுக் கூறவில்லை என்பது அது. வாசகர்களில் பெரும்பாலோர் நூலைக் குற்றப்பத்திரிகையாகவே படிக்கின்றனர். ஒரு சாராருக்குக் கணவர் கமால் அம்ரோஹி குற்றவாளி. இன்னொரு சாராருக்குத் தந்தை அலி பக்ஷ். வேறு சிலர் மதுவே காரணம், பிறரைக் குறை சொல்லிப் பயனில்லை என்கின்றனர். பணம் பிடுங்கிய சுற்றத்தாரையும், நெருங்கி வந்து விலகிய நடிகர்களையும் கூண்டில் ஏற்றுவோரும் உண்டு. ஆனால், தனியொரு குற்றவாளியை நிறுத்த மறுப்பதுதான் இந்த நூலின் பலம். தீர்ப்புக்காகக் காத்திருக்கும் வாசகர், நூலில் சிதறிக் கிடக்கும் வேறொரு செய்தியைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்.

அந்தச் செய்தி உழைப்பைப் பற்றியது. மாஹ்ஜபீன் பானு என்ற சிறுமி ஆறு வயதில் கேமரா முன் நிறுத்தப்பட்டாள். விஜய் பட் இயக்கிய 'லெதர்ஃபேஸ்' 1939-இல் வெளியானது. ஆர்மோனியம் வாசித்துப் பிழைத்த தந்தைக்கும், மேடை நடிகையாக இருந்து நோயுற்ற தாய்க்கும் அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. அன்று தொடங்கிய வேலை, இறக்கும்வரை நிற்கவில்லை. முறையான பள்ளிக் கல்வி வாய்க்கவில்லை. சம்பாதித்ததைத் தந்தை வாங்கிக்கொண்டார். 18 வயதில், 1952 பிப்ரவரி 14 அன்று, வீட்டுக்குத் தெரியாமல் இயக்குநர் அம்ரோஹியை மணந்தார். பின்னர் அவருடைய தொழில் கணக்கு கணவர் தரப்பின் கைக்குப் போனது. மாலை ஆறரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், ஒப்பனை அறைக்குள் ஒப்பனையாளரைத் தவிர எவரும் நுழையக்கூடாது, சொந்தக் காரில் மட்டுமே பயணிக்க வேண்டும் என்றெல்லாம் கணவர் விதித்ததாகக் கூறப்படும் நிபந்தனைகளை இன்றைய வாசகர் காதல் கதையின் கசப்பான அத்தியாயமாகப் படிக்கிறார். அவை ஒரு தொழிலாளி மீது விதிக்கப்பட்ட கண்காணிப்பு விதிகள் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

1964-இல் கணவரைப் பிரிந்தார். தூக்கமின்மைக்காக மருத்துவர் ஒருவர் சிறிதளவு பிராந்தி அருந்தச் சொன்னதே தொடக்கம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. எப்படித் தொடங்கியிருந்தாலும், 1968-இல் சிரோசிஸ் எனும் கல்லீரல் நோய்க்காக லண்டனில் சிகிச்சை பெற்றுத் திரும்பியபோது உடல் பெருமளவு சிதைந்திருந்தது. இயல்பாக அங்கே ஓய்வு தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1956-இல் தொடங்கி நின்றுபோயிருந்த 'பாகீஸா'வை சுனில் தத், நர்கிஸ் தம்பதியின் முயற்சியால் 1969-இல் மீண்டும் எடுத்தனர். நடனமாட நடிகையின் உடல் இடம்தராததால், முகத்திரையிட்ட பத்மா கன்னா சில காட்சிகளில் அவருக்குப் பதிலாக ஆடினார். அதே காலத்தில் குல்ஸார் முதன்முதலாக இயக்கிய 'மேரே அப்னே'யிலும் வேறு படங்களிலும் மீனாகுமாரி நடித்துக்கொண்டிருந்தார். வெளியானபோது மந்தமாக இருந்த 'பாகீஸா', அவர் இறந்த பிறகே அரங்கு நிறைந்து ஓடியது என்பது திரையுலகம் பெருமையோடு சொல்லும் செய்தி. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்ட வாசகர்கள் குறைவு.

இந்த உழைப்புக் கதையை அன்றைய சட்டம் கண்டுகொள்ளவில்லை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017-இல் விதிகள் வகுக்கப்பட்ட பிறகே குழந்தை நடிகர்களுக்கென நாடு முழுவதற்கும் பொருந்தும் தெளிவான வரம்பு வந்தது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்பட வேண்டும். 'பேபி மீனா'வுக்கு இந்த 20 சதவீதம் இருந்திருந்தால் வாழ்க்கை மாறியிருக்குமா என்பது ஊகம். ஆனால், தம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு உள்ள பெண்ணுக்குத் தந்தையிடமும் கணவரிடமும் பேசும் குரல் சற்றே உயர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. (விதி ஏட்டில் உள்ளது. தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பது தனியே எழுதப்பட வேண்டிய விஷயம்.)

'துயரத்தின் அரசி' என்ற பட்டமும் வாசிப்பைக் கெடுக்கிறது. 1962-இல் வெளியான 'சாஹிப் பீபி அவுர் குலாம்' படத்தில் கணவனைத் தக்கவைத்துக்கொள்ள மது அருந்தும் 'சோட்டி பஹு' பாத்திரம், அவரது சொந்த வாழ்க்கையின் முன்னோட்டமாகவே பேசப்படுகிறது. அடுத்த ஆண்டு பிலிம்ஃபேர் சிறந்த நடிகைக்கான மூன்று பரிந்துரைகளும் அவருக்கே கிடைத்தன, போட்டியாளரே இல்லை. அதைத் தொழில்திறனுக்குச் சான்றாகக் கொள்ளாமல், சோகத்தின் சான்றாகக் கொள்வது விந்தை. 'ஆஜாத்', 'மிஸ் மேரி', 'கோஹினூர்' ஆகியவற்றில் துள்ளலும் குறும்புமாக நடித்தவரும் இவரே. அந்தப் படங்களை நூலும் அவசரமாகவே கடக்கிறது, வாசகர்களும் நினைவுகூர்வதில்லை.

அவற்றில் தமிழருக்கு அறிமுகமானவை சில. 'ஆஜாத்', கோவை பட்சிராஜா நிறுவனத்தார் 'மலைக்கள்ளன்' கதையை ஹிந்தியில் எடுத்தது. 'மிஸ் மேரி' நம் 'மிஸ்ஸியம்மா'. ஏவி.எம். தயாரித்த 'மேய்ன் சுப் ரஹூங்கி', 'களத்தூர் கண்ணம்மா'வின் ஹிந்தி வடிவம். பின்னிரண்டிலும் தமிழில் சாவித்திரி ஏற்ற பாத்திரங்களையே ஹிந்தியில் மீனாகுமாரி ஏற்றார். 'மிஸ் மேரி'யில் அவருக்கு ஜோடி ஜெமினி கணேசன். சாவித்திரி 1981 டிசம்பர் 26 அன்று, நீண்டநாள் நினைவிழந்து கிடந்து மறைந்தார். 2018-இல் 'நடிகையர் திலகம்' வெளிவந்தபோது, தம் தந்தையைச் சித்திரித்த விதம் தவறு என்று ஜெமினியின் மகள் வெளிப்படையாகக் கண்டித்ததும், ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்ததும் நினைவிருக்கலாம். அங்கும் கேள்வி ஒன்றே: கெடுத்தது யார்? ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்த நடிகையின் சொத்து எப்படிக் கரைந்தது, எந்த ஒப்பந்தம் அவரைப் பாதுகாத்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

குடும்பத்தாருக்கும் ஒரு தரப்பு உண்டு. அம்ரோஹியின் முந்தைய மனைவியின் மகன் தாஜ்தார், தம் தந்தையைக் கொடுமைக்காரராகக் காட்டும் கதைகளைத் தொடர்ந்து மறுத்து வந்துள்ளார். 1993-இல் இறந்த அம்ரோஹி, மும்பையின் ரஹ்மதாபாத் இடுகாட்டில் மீனாகுமாரியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வாரிசுகளின் வேதனை உண்மையானதாக இருக்கலாம். ஆனால், அது எழுதுவதைத் தடுக்கும் உரிமையாகாது என்பதில் நீதிமன்றங்கள் தெளிவாக உள்ளன. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்த வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும், நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில் 2023 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றமும், அந்தரங்க உரிமை ஒருவரது வாழ்நாளோடு முடிந்துவிடுகிறது, அதை வாரிசாகப் பெற முடியாது என்றன. குற்றவியல் சட்டத்தின் அவதூறுப் பிரிவு மட்டும் விதிவிலக்கு: உயிரோடு இருந்திருந்தால் நற்பெயரைக் கெடுக்கக்கூடியதும், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதுமான பழிச்சொல், இறந்தவர் மீதானதாயினும் குற்றமாகலாம். பழைய தண்டனைச் சட்டத்தின் இந்த விளக்கம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. எழுதும் சுதந்திரம் இவ்வளவு விரிவாக இருக்கும்போது, பொறுப்பு வாசகரின் தலையிலும் விழுகிறது.

அந்தப் பொறுப்பு தவறும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. அம்ரோஹி கோபத்தில் தலாக் கூறியதாகவும், மீண்டும் சேர்வதற்காக மீனாகுமாரி வேறொருவரை மணந்து விலக நேர்ந்ததாகவும் ஒரு கதை பல ஆண்டுகளாக உலவுகிறது. ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. மணமுறிவே நிகழவில்லை என்கிறது குடும்பம். 2017 ஆகஸ்ட் 22 அன்று உடனடி முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2019-இல் நாடாளுமன்றம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்த ஆண்டுகளின் வாதங்களில் இந்தக் கதையும் மெய்ப்பிக்கப்பட்ட வரலாறுபோல் எடுத்தாளப்பட்டது. முத்தலாக்கை எதிர்க்க வலுவான காரணங்கள் உண்டு. அவற்றை முன்வைத்து ஷாயரா பானு போன்ற உயிருள்ள பெண்கள் தம் பெயரிலேயே நீதிமன்றம் ஏறினர். மறுத்துப் பேச முடியாத ஒரு பெண்ணின் மீது கட்டப்பட்ட வதந்தி அவர்களின் வழக்குக்குத் தேவைப்படவில்லை.

மீனாகுமாரி தம் கதையைத் தாமே சொல்ல முயன்றார் என்பதையும் மறப்பதற்கில்லை. 'நாஸ்' என்ற புனைபெயரில் உருதுக் கவிதைகள் எழுதினார். கய்யாம் இசையமைப்பில் அவற்றைத் தம் குரலிலேயே இசைத்தட்டாகப் பதிவு செய்தார். குறிப்பேடுகளை குல்ஸாரிடம் விட்டுச் சென்றார். பள்ளி வாசலை ஒழுங்காக மிதிக்காத பெண் எழுதியவை அவை. வாழ்க்கை வரலாற்றைப் பற்றிச் சூடாக விவாதிப்போரில் எத்தனை பேர் அந்தக் கவிதைகளைத் தேடிப் படித்தனர் என்பது வேறு கேள்வி. இன்றோ அவர் வாழ்வைப் படமாக்கும் திட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றின் பெயரே கமாலையும் மீனாவையும் சேர்த்துச் சொல்கிறது. யார் குற்றவாளி என்ற விசாரணை மறுபடி கூடப்போகிறது.

அதே துறையில் இன்று வேலை செய்யும் பெண்களின் நிலை குறித்த விசாரணை ஒன்றும் நடந்தது. கேரள அரசு 2017-இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு, ஒப்பந்தமின்மை, ஊதிய ஏய்ப்பு, உடை மாற்ற அறையும் கழிப்பறையும்கூட இல்லாத படப்பிடிப்புத் தளங்கள், பாலியல் சீண்டல் எனப் பலவற்றைப் பதிவு செய்து 2019 டிசம்பரில் அறிக்கை அளித்தது. வாக்குமூலம் அளித்தவர்களின் பெயர்களும் பல பக்கங்களும் நீக்கப்பட்டு அது மக்கள் பார்வைக்கு வந்தபோது 2024 ஆகஸ்ட் ஆகியிருந்தது. மீனாகுமாரி இறந்த அதே ஆண்டில் அவரது வாழ்க்கை புத்தகமாகிவிட்டது. இந்த அறிக்கைக்கு நாலரை ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.