அட்டை எல்லை தாண்டுகிறது, உதவித்தொகை தாண்டுவதில்லை

தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறை. நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தகப்பனாருக்குத் தோல் பட்டறையில் வேலை. பன்னிரண்டு வயது மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தானாக உட்கார முடியாது. சோறு ஊட்ட வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முன்பு இட்லி அவித்து விற்ற தாயார் அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வருமானம் ஒன்றாகிவிட்டது. ஒரு செலவு இரண்டாகிவிட்டது.

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. சயான், செம்பூர், கல்யாண் என்று தமிழர் வாழும் எந்தப் பகுதியிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர். அவர்களைத் தூக்கிச் சுமக்கும் தாய் தகப்பனுக்கு எந்தக் கணக்கிலும் தனி இடம் இல்லை.

இந்தப் பெற்றோர் கேட்பது தர்மம் அல்ல. பராமரிக்கும் வேலைக்கு ஒரு தொகை, நாளில் சில மணி நேர ஓய்வு, தங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு வழி. மூன்றே கோரிக்கைகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே ஏற்றது. 2016-ம் ஆண்டில் புதிய உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. இதில் 21 வகைகள் உள்ளன. அன்றாட வாழ்க்கைக்கே பிறர் துணை மிகுதியாகத் தேவைப்படுவோரைத் தனியாக மதிப்பிட்டு உதவ வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. அப்படிப்பட்டவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

ஆனால் கூடவே ஒரு சொற்றொடர் இருக்கிறது. "அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்பதே அது. கொடுக்க மனமுள்ள அரசு கொடுக்கலாம். மனமில்லாத அரசு அந்தச் சொற்றொடரைச் சுட்டிக் காட்டிவிட்டு இருந்துவிடலாம்.

மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவராய், 18 வயது நிரம்பியவராய், 80 சதவீத ஊனம் உடையவராய் இருந்தால்தான் கிடைக்கும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மாநிலத்துக்கு ஒரு நியாயம்

மற்றதெல்லாம் மாநிலத்தின் கையில். தமிழ்நாட்டில் மனவளர்ச்சி குன்றியோருக்கும் கடும் ஊனமுற்றோருக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கேரளத்தில் படுத்த படுக்கையாய் இருப்பவரைக் கவனிப்பதால் வேலைக்குப் போக முடியாதவருக்கு மாதம் 600 ரூபாய் என்று ஒரு திட்டம் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் பராமரிப்பவருக்கென்றே அது தரப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

மகாராஷ்டிரத்தில் சஞ்சய் காந்தி ஆதரவற்றோர் உதவித் திட்டம் உள்ளது. ஊனமுற்றோருக்கான தொகை 2025-ம் ஆண்டில் 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் விண்ணப்பிப்பவர் 15 ஆண்டுகள் இம்மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு.

வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். வந்து எட்டு ஆண்டு ஆனவருக்கு இங்கே உரிமை பிறக்கவில்லை. ஊரை விட்டு வந்துவிட்டதால் அங்கேயும் வாங்க வழியில்லை. இந்தத் தொகைக்காகவே சில வீடுகளில் தாயும் பிள்ளையும் ஊருக்குத் திரும்புகிறார்கள். தகப்பன் மட்டும் மும்பையில் தனியாய்ப் பொங்கித் தின்கிறார். உதவித்தொகை ஒரு குடும்பத்தையே இரண்டாக்கிவிடுகிறது.

இத்தனைக்கும் மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை இந்தியா முழுவதும் செல்லும். ஊனம் இத்தனை சதவீதம் என்பதைச் சென்னையும் ஏற்கிறது, மும்பையும் ஏற்கிறது. அட்டை எல்லை தாண்டுகிறது. பணம் மட்டும் தாண்டுவதில்லை.

முடியாத காரியமா இது? ரேஷன் அட்டை விஷயத்தில் முடிந்திருக்கிறதே! 2022-ம் ஆண்டு முதல் எந்த மாநில அட்டைதாரரும் நாட்டின் எந்த மூலையிலும் தம் பங்கு அரிசியை வாங்கலாம். அரிசிக்குச் செய்ததைப் பராமரிப்புத் தொகைக்கும் செய்யலாம். மத்திய அரசும் மாநிலங்களும் கலந்து பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவே.

உத்தியோகஸ்தருக்கு ஒரு வழி

மத்திய அரசு ஊழியருக்குச் சில பாதுகாப்புகள் உள்ளன. ஊனமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு அளித்து 2014-ம் ஆண்டில் உத்தரவு வந்தது. பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஊனமுற்ற பிள்ளையானால் வயது வரம்பு கிடையாது. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரிப் பேராசிரியை ஒருவரின் வழக்கில், இப்படிப்பட்ட தாய்க்கு விடுப்பு மறுப்பது அரசியல் சட்டக் கடமைக்கு மாறானது என்று 2024-ம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது.

பட்டறைத் தொழிலாளிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் இதில் எது உண்டு? பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. விடுப்பால் தாங்க முடியாத குடும்பத்தைத் தொகையால்தான் தாங்க வேண்டும்.

இப்போதே பெறக்கூடியவை

திட்டம் வரும்வரை, எல்லை பாராத சில உதவிகளையாவது தவற விடக்கூடாது. முதலில் அடையாள அட்டை. மற்றவற்றுக்கு அதுவே ஆதாரம். மதி இறுக்கம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் "நிராமயா" காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கக்கூடாது. மனவளர்ச்சி குன்றியவருக்கும் அவருடன் செல்லும் துணைக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதி வகுப்பிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. பள்ளிக்குத் தூக்கிச் செல்ல இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ம் ஆண்டுத் திருத்தம் தந்துள்ளது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. தேசிய அறக்கட்டளையின் கீழ் வரும் அந்த நான்கு வகையினருக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து சட்டப்படியான காப்பாளர் சான்று பெறலாம். பாங்கிக் கணக்குக்கும் சொத்து விவகாரத்துக்கும் அது தேவைப்படும்.

எங்களுக்குப் பிறகு?

"நாங்கள் கண்ணை மூடிய பிறகு இவனை யார் பார்ப்பது?" எந்த மொழி பேசும் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. அந்தக் கேள்வியை நாடெங்கும் பெற்றோர் சங்கங்கள் விடாமல் எழுப்பியதன் பலனே 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதற்கும் முன்பு, 1972-ம் ஆண்டில், இதே பம்பாயில் மிது அலூர் என்ற தாயார், மூளை முடக்குவாதம் கொண்ட தம் மகளுக்குத் தக்க பள்ளி இல்லாததால், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அரசு தானாக எழுந்து வந்து எதையும் செய்துவிடவில்லை, பெற்றோர்தான் எழுப்பினார்கள்.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழாவுக்குக் கூடுகிறவர்கள் தங்கள் பகுதியில் இத்தகைய வீடுகள் எத்தனை என்று ஒரு பட்டியல் எடுத்தால் என்ன? அந்தப் பட்டியலோடு, 15 ஆண்டு நிபந்தனையைக் கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்காவது தளர்த்தும்படி புனேயிலுள்ள மாநில ஊனமுற்றோர் ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். இரவில் இரண்டு முறை எழும் தாயாரால் அரசு அலுவலகங்களுக்கு அலைய முடியாது. அவருக்காக மற்றவர்கள்தான் நடக்க வேண்டும்.