பெரியவள் போன ஊர்

இரண்டு இதழ்களுக்கு முன் பலாக்கொட்டைக் குழம்பு பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒரு சகோதரி, "உங்கள் ஊரை விட்டு வெளியே வரவே மாட்டீர்களா?" என்று செல்லமாகக் கோபித்திருந்தார். நியாயமான கேள்விதான். திருவதிகையில் பிறந்து, பண்ருட்டியில் பள்ளிப் படிப்பை முடித்து, திரும்பவும் திருவதிகையிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கிழக்கே கடலூர் கடற்கரை, தெற்கே சிதம்பரம், எப்போதாவது ஒரு திருப்பதி. அவ்வளவுதான் நான் கண்ட உலகம். ஆனால் இந்த முறை வியட்நாமைப் பற்றி எழுதப் போகிறேன். போனது நானல்ல, என் பெரியவள்.

சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை சம்பந்தமாக நாள்தோறும் பேசுகிற பெண் ஒருத்தி வியட்நாம்காரி. "எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கேன், எங்க அம்மா சமையலைச் சாப்பிட்டுப் பாரேன்" என்று அவள் கூப்பிட்டிருக்கிறாள். இவளும் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவில் மெல்லச் சொன்னாள். பன்னிரண்டு நாள். தனியாக.

இவர் கையிலிருந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "கோயில் குளம் பார்க்கணும்னா நம்ம ஊர்ல இல்லையா? ஊர் பார்க்கணும்னா ஊட்டிக்குப் போ" என்றார். "ஊர் பார்க்கப் போகலப்பா, அவங்க வீட்ல இருந்து பார்க்கப் போறேன்" என்றாள் அவள். எனக்கு அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் புரியவில்லை. அத்தை மட்டும், "அங்க சோறு கிடைக்குமாடி?" என்று கேட்டார்.

இதற்கு நடுவில் விழுப்புரத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்திருந்தது. பையனுக்கு அரசாங்க வேலை. விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டி, "பொண்ணு தனியா வெளிநாடு போறதாமே?" என்று தரகரிடம் கேட்டார்கள். பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. கோபம் யார் மேல் என்றே தெரியாத கோபம்.

தூக்கம் வராத ராத்திரிகளில் படிப்பதற்காக நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ஏ.கே. செட்டியார் எழுதிய 'உலகம் சுற்றும் தமிழன்'. 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் பத்திரிகை நடத்தி, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகிற கப்பலில் உட்கார்ந்திருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஒரு சினிமாப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாம். அன்று காந்தி ஜயந்தி! அதற்காக உலகமெங்கும் அலைந்தார். நூறு பேர் வெவ்வேறு காலங்களில் எடுத்திருந்த ஐம்பதினாயிரம் அடிப் படச்சுருளைத் தேடிச் சேர்த்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். பிறகு 1943 முதல் 1983-ல் காலமாகும் வரை 'குமரி மலர்' பத்திரிகையை நடத்தினார்.

அவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது, தன்னைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்ளாதது. 'நான் இதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன்' என்ற பெருமை கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் கட்டடத்தை விட மனிதர்களைத்தான் கவனிக்கிறார். பெரியவள் சொன்ன வித்தியாசம் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

இன்னொன்றும் தோன்றியது. செட்டியாரைப் பார்த்து, "துணைக்கு யார் வருவார்கள்?" என்று யாராவது கேட்டிருப்பார்களா?

எங்கள் ஊர்ப் பெரிய கதையே இதுதானே. அப்பர் சுவாமிகள் தமிழ்நாட்டில் கால் வைக்காத ஊர் இல்லை. கல்லில் கட்டிக் கடலில் போட்டபோதும் கடலூர்ப் பக்கம் கரையேறியவர். அவருடைய அக்கா திலகவதியார் இங்கேயே இருந்து கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டிருந்தார். தம்பி திரும்பி வந்து சேர இந்த ஊரும் இந்த அக்காவும் இருந்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால், 'அந்த அம்மாளுக்கும் நாலு ஊர் பார்க்க ஆசை இருந்திருக்குமோ' என்று அந்த ராத்திரிதான் முதல் முதலாக நினைத்தேன். தெய்வ குற்றமானால் மன்னிக்கட்டும்.

காலையில் இவரிடம், "அந்த வீட்டில ஒரு அம்மா இருக்காங்க. அவங்ககிட்ட நான் பேசிட்டுத்தான் அனுப்புவேன்" என்றேன். போனில் முகம் பார்த்துப் பேசினோம். மொழி தெரியாது. அந்த அம்மாள் தன் வீட்டு அடுப்பையும், பெரியவளுக்கென்று ஒழித்து வைத்திருந்த கட்டிலையும், கொசுவலையையும் காட்டினாள். கொசுவலையைப் பார்த்ததும் என் மனம் இறங்கிவிட்டது. இவரும் ஒரு மாதிரி சரியென்றார்.

புறப்பாட்டுக்கு நான் செய்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பாஸ்போர்ட், விசா இரண்டையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றை வீட்டிலும் வைத்தோம். பயணக் காப்பீடு அவளே எடுத்துக்கொண்டாள். டாக்டரிடம் காட்டி, தடுப்பூசி ஏதாவது வேண்டுமா என்று ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டோம். வழக்கமான மாத்திரைகளைச் சீட்டோடு கைப்பையில் போட்டோம். மாதவிலக்குத் துணிமணி, நாப்கின் முதலியவை இங்கிருந்தே. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். அது கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவை அவள் மனப்பாடமாகச் சொல்லும் வரை விடவில்லை. ஊறுகாய் வேண்டாம் என்றாள். நான் பருப்புப்பொடி வைத்தேன். திரும்பி வந்தபோது அது பிரிக்காமலே இருந்தது!

அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். தினமும் நம் மணி எட்டுக்குப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் சைகோனிலிருந்து பேசினாள். ஹோ சி மின் நகரம் என்பது இப்போதைய பெயர். அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறதாம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம் ஜனங்கள் நிறையப் பேர் அங்கே போயிருக்கிறார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் கடை வைத்திருந்தார்கள். இப்போது அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப் பெண்கள்தானாம். கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து, கைகளைப் பதித்து, மெல்லிய குரலில் தங்கள் குறையைச் சொல்கிறார்களாம். "பாஷை புரியலம்மா. ஆனா என்ன சொல்றாங்கன்னு புரிஞ்சது" என்றாள்.

மூன்றாம் நாள் கிராமத்துக்குப் போனாள். தோழியின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து, செம்மண் பாதையில் இரண்டு மணி நேரம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹெல்மெட் போட்ட படத்தை அனுப்பிய பிறகுதான் தண்ணீர் குடித்தேன். பாதையின் இரண்டு பக்கமும் என்ன தெரியுமா? முந்திரித் தோப்பு! வீட்டு வாசலில் பலா மரம். "அம்மா, விமானம் ஏறி மறுபடி பண்ருட்டிக்கே வந்துட்டேன்" என்று சிரித்தாள். உலகத்திலேயே அதிகமாக முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்கிற நாடு வியட்நாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நம் பண்ருட்டிக்காரர்களுக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

அந்த நாட்டில் 'நான்', 'நீ' என்று பேசுவதில்லையாம். அக்கா, தங்கை, அத்தை, பெரியம்மா என்று முறை வைத்துத்தான் பேச வேண்டும். அதனால் பார்த்தவுடன் வயதைக் கேட்டுவிடுகிறார்கள். இவள் அந்த வீட்டு அம்மாளுக்குக் குழந்தை முறையானாள். சாப்பிட உட்காருமுன் சிறியவர்கள் பெரியவர்களை ஒவ்வொருவராகச் சாப்பிட அழைக்க வேண்டும். முதல் நாள் இவள் சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டாளாம். பேச்சு நின்றுவிட்டது. இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவது போல அது அபசகுனம். வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் குச்சிகளை எடுத்துக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்தாளாம். "ரொம்ப வெட்கமாப் போச்சும்மா" என்றாள். வெட்கப்படட்டும். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிற வீட்டில்தானே தப்புச் செய்தாள்.

சோற்றைப் பற்றி அத்தை கேட்ட கேள்விக்குப் பதில்: மூன்று வேளையும் அரிசிதான். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காய்கறிப் பண்டத்திலும் மீன் சாறு ஊற்றுவார்கள், ஆகவே சைவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். 'கொம் சாய்' என்று பலகை போட்ட கடையில் சுத்த சைவம் கிடைக்கும். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் பலர் கவிச்சி தொடமாட்டார்களாம். வீட்டுக்கு வீடு முன்னோர்களுக்குப் பீடம் வைத்துப் படைக்கிறார்கள். இதைக் கேட்டதும் அத்தை, "அப்ப நம்ம ஜனந்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள் எட்டு மணிக்குப் போன் வரவில்லை. எட்டரைக்கும் இல்லை. இவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். விழுப்புரத்து வரன், உறவுக்காரர்கள் பேச்சு, எல்லாம் மனதில் வந்து போயிற்று. ஒன்பதே காலுக்கு வந்தது. "கொட்டை உடைச்சிட்டிருந்தோம்மா, நேரம் போனது தெரியல" என்றாள்.

சுட்ட முந்திரிக்கொட்டையை உடைக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன் நானும் என் அம்மாவும் வீட்டில் கூலிக்கு உடைத்திருக்கிறோம். ஓட்டிலிருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கையில் சாம்பல் பூசிக்கொண்டாலும் விரல் நுனி கறுத்துத் தோல் உரியும். பெண் பார்க்க வந்த அன்று நான் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைப் பெரியவளிடம் எப்போதோ சொன்னது. அவள் மறக்கவில்லை. அந்த வீட்டில் இப்போது பெரும்பாலும் மெஷினுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். வீட்டுக்கு வேண்டியதை மட்டும் பாட்டி கையால் உடைக்கிறாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, பருப்பு முழுசாக வருகிற மாதிரி ஓரத்தில் தட்டி உடைத்துக் காட்டியிருக்கிறாள். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்களாம்.

"இரும்மா, பாட்டி உன்னைப் பார்க்கணுமாம்" என்று போனைத் திருப்பினாள். எழுபது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய். ஒன்றும் பேசாமல் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

என் கைகள் வெளுத்து இருபத்தைந்து வருஷமாகிறது. ஆனாலும் வலது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு பேத்தியிடம் என்னவோ சொன்னாள்.

"என்னடி சொல்றாங்க?"

"அடுத்த தடவை உன்னையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்றாங்கம்மா."

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.