பழைய கேமராவும் ஸ்குரூ டிரைவரும்

பழைய டிஜிட்டல் கேமராவை மலிவாக வாங்கியதும் பலருடைய கை முதலில் தேடுவது ஸ்குரூ டிரைவரைத்தான். பெரும்பாலும் அது தேவையே இல்லை. "டெட்" என்று விற்கப்படும் கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி அறை.

வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்த அல்கலைன் செல் கசிந்து, தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காதுக் குடையும் பஞ்சுக் குச்சியில் துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தேய்த்தால் போய்விடும். (தொட்டால் போதும், குளிப்பாட்டக் கூடாது!) பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது செல் போட்டுப் பார்க்கலாம். லென்ஸ் தூசிக்கு ரப்பர் ஊதுகுழல் போதும். வாயால் ஊதினால் எச்சில்தான் ஒட்டும்.

அதையும் தாண்டி மூடியைத் திறப்பதுதான் வம்பு. ஃபிளாஷுக்கான மின்தேக்கி சுமார் 300 வோல்ட் வரை ஏறும். செல்லைக் கழற்றிய பிறகும் அது அப்படியே தங்கியிருக்கலாம். "ரெண்டு செல், மொத்தமே 3 வோல்ட், என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்தான் அடி வாங்குவார். கேமராவைக் கழற்றச் சொல்லித் தருபவர்கள் இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா?

சென்சார் போனதென்றால் வீட்டில் தீராது. சில சிசிடி சென்சார்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, படம் நிறம் மாறிக் கோணலாக வருவதாக 2005ல் பல கம்பெனிகள் அறிவித்தன. அந்தக் காலத்து கேமரா என்றால், காசு கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.