மூன்றாம் ஆண்டை ஆய்வுக்குக் கொடுங்கள்

பிள்ளைக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிந்தால் 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடுவோர் உண்டு. அப்பாவுக்கும் பாட்டிக்கும் அதே தொல்லை இருந்திருந்தால், அது பரம்பரை ரத்தக்கசிவு நோயாக இருக்கலாம். உலகில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இந்நோயில் சில இடங்களில் தமனியும் சிரையும் இடையில் தந்துகிகள் இல்லாமல் நேரடியாகச் சேர்ந்துவிடுகின்றன. இந்தக் கோளாறு மூளையிலோ நுரையீரலிலோ இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்நோய்க்குக் காரணமான மரபணுக்களுள் ஒன்றான எண்டோக்ளின் 1994இல் தெரியவந்தது.

ஆனால், மரபணுப் பிறழ்வு உடலின் எல்லாச் செல்களிலும் இருக்க, ஆங்காங்கே சில நாளங்கள் மட்டும் கெடுவது ஏன்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2019இல் விடையின் முக்கியப் பகுதியைத் தந்தது. தோலில் சிவந்து விரிந்த 19 நாளப் புள்ளிகளை ஆராய்ந்ததில், 9இல் பரம்பரையாக வராமல் உடலில் பின்னர் நேர்ந்த இன்னொரு பிறழ்வு கிடைத்தது. பெற்றோரிடமிருந்து வந்த பழுதோடு, மிஞ்சியிருந்த நல்ல பிரதியும் கெடும் இடத்தில்தான் நாளம் உருக்குலைகிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

இத்தகைய கேள்விகளுக்கு இளம் மூளைகள் தேவை. கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை 1869இல் விவரித்தவர் ஒரு மருத்துவ மாணவர்தான். டியூக் மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டை மாணவர்களின் ஆய்வுக்கே ஒதுக்குகிறது. மற்ற கல்லூரிகளும் அதைப் பின்பற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு செலவிட்டவர், நாளை மூக்கில் ரத்தத்தோடு வரும் பிள்ளையிடம் குடும்ப வரலாற்றையும் கேட்பார்.